ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் இருக்கும் தாளின் எண் 58 என்/1. மதுரை 58 கே/1. மேட்டூர் 58 இ/13. இந்திய நில அளவைத் துறை அச்சிடும் இந்தத் தாள்களை வனத்துறைக்காரரும் பொதுப்பணித்துறைப் பொறியாளரும் புவியியல் மாணவரும் ‘டோப்போ ஷீட்’ என்றே சொல்வார்கள். பாடப்புத்தகம் தலப்படம் என்கிறது. கிழக்கு மேற்காகக் கால் பாகை, வடக்கு தெற்காகக் கால் பாகை என்று ஒரு தாளுக்குள் ஏறக்குறைய 750 சதுர கிலோமீட்டர் நிலம் அடங்கிவிடும். பழைய தாள்களில் தரையில் ஒரு மைல் காகிதத்தில் ஓர் அங்குலம். அந்த அங்குலத்துக்குள் ஏரிக்கரை, வண்டிப்பாதை, கிணறு, செங்கல் சூளை, சத்திரம், ஊர், ஊருக்கு அப்பால் தள்ளியிருக்கும் சேரி எல்லாம் வரும்.

பெரிய ஊர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது, தலபுராணம் இருக்கிறது, கெசட்டியரில் ஒரு பக்கமாவது இருக்கிறது. நூறு வீடுகள் கொண்ட ஒரு மானாவாரிக் கிராமத்துக்கு என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட ஊர்களில் நூறாண்டுக்கு முன் ஏரி எங்கே நிரம்பியது, பாதை எந்தப் பக்கம் போனது, வீடுகள் எங்கே இருந்தன என்று காட்டும் ஒரே அச்சுக் காகிதம் பல சமயம் இந்தத் தாள்தான். வரலாற்றுக்காக இதை யாரும் வரையவில்லை. படை நடத்தவும் வரி வாங்கவும் வரைந்தார்கள். ஆனாலும் இது பிறந்த விதத்திலேயே ஊர்க்கதை கலந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பிறப்பைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். தன் கைக்கு வந்த நிலத்தில் எத்தனை ஊர், எத்தனை ஏரி, எவ்வளவு விளைச்சல் என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. 1767இல் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அளக்க அனுப்பியது. அவர் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். வங்காளத்தில் ஜேம்ஸ் ரென்னல் சர்வேயர் ஜெனரலாக அமர்ந்ததும் அதே 1767தான். அந்த ஆண்டையே இந்திய நில அளவைத் துறை தன் பிறந்த ஆண்டாகக் கொள்கிறது.

பர்னார்ட் வரைந்த கோடுகளைவிட அவற்றுக்கு அடிப்படையாக நின்ற கணக்குதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வோர் ஊரிலும் கணக்குப்பிள்ளைமார் பனையோலையில் எழுதிய விவரம் அது. ஊரில் எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, கோயிலுக்கும் வெட்டியானுக்கும் தச்சருக்கும் எவ்வளவு மானியம் என்று ஊரின் மொத்த உடம்பும் அதில் இருந்தது. அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆக, கம்பெனி தமிழ்நாட்டுக் கிராமங்களை முதலில் விரிவாக அளந்த வேலை, ஊர்க் கணக்கரின் எழுத்தாணியை நம்பித்தான் நடந்தது.

அளக்க ஆள் வேண்டும். கப்பலில் வரும் அதிகாரிகளை மட்டும் வைத்து இந்த வேலை ஓடாது என்று கண்ட மைக்கேல் டாப்பிங், 1794இல் சென்னைக் கோட்டை அருகே எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளிதான்.

அடுத்து வந்த இருவர் இந்தத் தாளுக்கு எலும்பும் சதையும் கொடுத்தவர்கள். இருவரும் படைக்காரர்கள். இருவருக்கும் 1799இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் பெரிய வேலை வாய்த்தது.

ஒருவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் நூறடி எஃகுச் சங்கிலியை விரித்து, பெரும்பாக்கம் குன்றை நோக்கி அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகள் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார்கள். அந்த அடித்தளக் கோட்டை அளந்து முடிக்க மே மாதமும் ஓடிவிட்டது. அதன் இரு முனைகளிலிருந்தும் மூன்றாவதாக ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் மற்ற இரண்டு பக்கங்களின் நீளமும் கணக்கில் கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து இன்னொரு முக்கோணம், அதை வைத்து மற்றொன்று. இப்படி முக்கோணம் மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் கட்டிப்போட்டார்கள்.

குன்றே இல்லாத காவிரிச் சமவெளிக்கு வந்தபோது லாம்டன் கோபுரங்களைத் தேடினார். 1808இல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. அதன் வட்டத் தகடு நெளிந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் இங்கிலாந்திலிருந்து இன்னொன்று வரும்வரை காத்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆறு வாரம் தட்டி நிமிர்த்தி அதே கருவியோடு புறப்பட்டார். ராஜராஜன் காலத்துச் சிற்பிகள் சமவெளியில் எழுப்பிய உயரம் இல்லையென்றால் டெல்டாவின் முக்கோணங்கள் அந்தத் தலைமுறையில் மூடியிருக்காது.

மற்றவர் காலின் மெக்கன்சி. எனக்கு இந்தக் கதையின் நடுநாயகர் இவர்தான். லாம்டன் கோணங்களை அளந்த அதே ஆண்டுகளில் மைசூர்ச் சீமையின் ஊர்களையும் ஆறுகளையும் எல்லைகளையும் அளந்தவர். 1815இல் இந்தியா முழுமைக்குமான முதல் சர்வேயர் ஜெனரல். இவருடைய அளவைக் குழு ஊருக்குள் போனால் எல்லைக்கல்லோடு திரும்பாது. இந்தக் கோட்டையை யார் கட்டினார்? ஏரி யார் பெயரில் இருக்கிறது? முன்பு யாருக்குக் குத்தகை கொடுத்தீர்கள்? கோயில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

மெக்கன்சிக்கு நம் மொழிகள் தெரியாது. கேள்விகளை மக்களிடம் கொண்டுபோனவர்கள் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா, ராமசாமி என்ற மூன்று சகோதரர்களும் அவர்கள் பழக்கிய உதவியாளர்களும்தான். போரய்யா 1803இல் இளவயதிலேயே இறந்துபோனார். தம்பி லட்சுமய்யா அந்த வேலையைத் தூக்கி நிறுத்தினார். ஊர்க் கர்ணத்திடம், மடத்துப் பண்டாரத்திடம், பாளையக்காரர் வாரிசிடம், கோயில் பட்டரிடம் கேட்டு எழுதிய கைபீதுகள் என்ற ஊர்க் குறிப்புகள் மலைபோலக் குவிந்தன. 1821இல் மெக்கன்சி இறந்தபோது அவர் தொகுப்பில் 8,076 கல்வெட்டுப் படிகளும் 2,070 ஊர் வரலாற்றுக் குறிப்புகளும் 79 நிலப்படங்களும் இருந்தன. அதில் தென்னாட்டுச் சுவடிகளில் பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

ஒரே குழு காலையில் நிலத்தை அளந்தது, மாலையில் அந்த நிலத்தின் கதையைக் கேட்டது. இந்த வழக்கம் பிற்காலத்தில் நீடிக்கவில்லை. கதை கேட்பது கெசட்டியர் எழுதுபவருக்கும் கல்வெட்டுத் துறைக்கும் போனது. வயல் வயலாக அளப்பது 1858இல் தொடங்கிய சென்னை மாகாண ரெவின்யூ சர்வேக்குப் போனது. சர்வே எண்ணும் புலப்படமும் அ-பதிவேடும் அந்த வழியில் வந்தவை. மேடு பள்ளம், ஆறு, பாதை ஆகியவை டோப்போ ஷீட்டின் பங்காயின. மூன்றையும் திரும்ப ஒரே மேசையில் விரித்தால்தான் ஊர் முழுதாகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று நாம் பழைய தாள் என்று தேடுவது பெரும்பாலும் 1905க்குப் பிந்தையது. அதற்கு முன் வந்தவை ஒரே கறுப்பு மையில், மலைச்சரிவைச் சின்னச் சின்னக் கீறல்களால் காட்டியவை. அந்த ஆண்டு ஒரு குழு, நாடு முழுவதையும் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில், பல நிறத்தில், சமஉயரக் கோடுகளோடு 25 ஆண்டுகளில் புதிதாக அளந்து முடிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. முதல் உலகப்போர் வந்து அந்தக் கெடுவைக் குலைத்தது. ஆனால் நிறமும் எண்முறையும் நிலைத்துவிட்டன. நான்கு பாகைக்கு நான்கு பாகை கொண்ட பெரிய கட்டத்துக்கு ஓர் எண்; அதைப் பதினாறாக்கி ஆங்கில எழுத்துகள்; அதை மறுபடி பதினாறாக்கி எண்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி 58க்குள் விழுகிறது. சென்னைப் பக்கம் 66, வடக்குப் பகுதி 57.

களத்தில் வேலை நடந்தது பிளேன் டேபிளில். முக்காலி மேல் ஒரு மரப்பலகை, பலகையில் ஒட்டிய காகிதம், காகிதத்தில் முக்கோண அளவையால் கிடைத்த புள்ளிகள், குறிபார்க்கும் சட்டம். சர்வேயர் ஒரு மேட்டில் பலகையை நிறுத்தி, தெரிந்த மூன்று குன்றுகளைக் குறிபார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். பிறகு கண்ணெதிரே தெரியும் ஊரையும் ஓடையையும் அங்கேயே நின்று வரைவார். கொடி பிடிக்கவும் பலகை சுமக்கவும் புதர் வெட்டவும் கலாசிகள். மழை ஓய்ந்த பிறகு களத்துக்குப் போய், கோடை முற்றுவதற்குள் திரும்பி, மீதி மாதங்களில் மை தீட்டி முடிப்பது வழக்கம். தாளின் ஓரத்தில் சர்வேயர் ஜெனரல் பெயர் அச்சாகியிருக்கும். அந்தக் கலாசிகளின் பெயர் எங்கும் இல்லை. காட்டுக்குள் எந்த ஓடை எந்தப் பள்ளத்தில் சேர்கிறது, எந்தக் குன்றுக்கு உள்ளூரில் என்ன பெயர் என்று உள்ளூர் ஆட்கள் சொல்லாமல் ஒரு தாளும் நிரம்பியிருக்காது.

இப்போது தாளைப் படிக்கலாம். நான் முதலில் பார்ப்பது கீழ் ஓரத்தை. எந்த ஆண்டு அளந்தது, எந்த ஆண்டு அச்சானது என்று அங்கே இருக்கும். இரண்டும் ஒன்றல்ல, 1930களில் அச்சான தாளில் அதற்கும் இருபதாண்டு முந்தைய நிலம் இருக்கக்கூடும். பிறகு நிறம். நீலம் என்றால் ஆண்டு முழுதும் தண்ணீர். கறுப்புக் கோட்டில் ஓடை இருந்தால் மழைக்கு மட்டும் ஓடுவது. சிவப்புக் கட்டங்கள் வீடுகள். மஞ்சள் சாகுபடி நிலம். பழுப்பு சமஉயரக் கோடு. பனைமரத்துக்குத் தனிக்குறி உண்டு, மற்றப் பனையின மரங்களுக்கு வேறு குறி. திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்துத் தாள்களில் அந்தப் பனைக்குறியை எண்ணிப் பார்த்துவிட்டு இன்றைய நிலத்தைப் பார்ப்பவருக்கு நெஞ்சு கனக்கும். தனியாக நிற்கும் மரத்தைக்கூடச் சர்வேயர்கள் அடையாளமாக அளந்து குறித்தார்கள்.

ராமநாதபுரத்துத் தாளை விரித்தால் சமஉயரக் கோடு அநேகமாக எதுவும் தெரியாது. ஓரங்குலத் தாளில் ஐம்பதடிக்கு ஒரு கோடு; அந்தச் சீமையில் ஐம்பதடி ஏற்றத்துக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். அங்கே நிலத்தின் சாய்வைச் சொல்பவை கண்மாய்க் கரைகள்தான். மீன் செதில் போல ஒன்றையொன்று தொட்டு அடுக்கியிருக்கும். ஒவ்வொரு கரையும் வளைந்திருக்கும் பக்கம் பள்ளம், திறந்திருக்கும் பக்கம் மேடு. மேல் கண்மாயின் கலிங்கில் வழியும் நீர் கீழ்க் கண்மாய்க்கு எந்த வழியாகப் போனது என்று ஒரு மெல்லிய கோடு சொல்லும். இப்போது அந்த ஓடையில் பேருந்து நிலையமோ குடியிருப்போ இருந்தால், கீழ்க் கண்மாய் ஏன் நிரம்புவதில்லை என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. அவற்றின் வரத்துக்கால்கள் எத்தனை என்று ஒரு கணக்கும் அப்படிப் புழங்கவில்லை. பழைய தாள்களில் அவை இருக்கின்றன.

பாதைகளும் அப்படித்தான். நாலைந்து வண்டிப்பாதைகள் இன்று எதுவுமே இல்லாத ஓரிடத்தில் வந்து கூடினால், அங்கே ஒரு காலத்தில் பரிசல் துறையோ சந்தையோ சத்திரமோ இருந்திருக்க வேண்டும். போய்க் கேட்கலாம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்டு 1986இல் நிறுத்திய ரயில் பாதை, பழைய தாளில் நிலையங்களோடு ஓடும். வருவாய்க் கணக்கில் மட்டும் பெயரிருந்து ஆள் இல்லாத ஊர்களைப் பேச்சிராக்கு கிராமம் என்பார்கள். அந்த ஊரின் வீடுகள் எந்தத் திடலில் இருந்தன என்று கிராம வரைபடத்தில் தெரியாவிட்டாலும் டோப்போ ஷீட்டில் சில சமயம் தெரியும்.

மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அதற்கு முந்தைய அளவையில் நீர்த்தேக்கமே கிடையாது; காவிரி வெறும் ஆறாக இறங்கி வரும், கரையில் ஊர்கள் இருக்கும். இன்று அணையின் 120 அடி நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கத்தில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. பத்திரிகைகள் படம் போடுகின்றன, மக்கள் பரிசலில் போய்ப் பார்க்கிறார்கள். கோயிலையும் தேவாலயத்தையும் சுற்றி ஊர் எப்படி இருந்தது, எந்த வழியாக மேட்டூருக்கு வந்தார்கள், வயல் எந்தப் பக்கம் என்று கேட்டால் அந்தப் பழைய அளவையிடம்தான் போக வேண்டும். பவானிசாகருக்குள் போன டணாய்க்கன்கோட்டைக்கும் இதுவே நிலை.

தாள் சொல்லாததும் உண்டு. ஊர் ஒரு சிவப்புக் கொத்து. வயலுக்கு அப்பால் இன்னொரு சிறு சிவப்புக் கொத்து. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்துவிடலாம். ஏன் அந்தத் தூரம் என்று தாள் சொல்லாது. பொதுக்கிணறு எந்தக் கொத்தில் இருந்தது, சேரிக்காரர் எந்தப் பாதையில் நடக்கக் கூடாது, 1892 அரசாணைக்குப் பிறகு அவர்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எது என்பதெல்லாம் அ-பதிவேட்டிலும் பெரியவர்கள் நினைவிலும்தான் கிடைக்கும். இதைச் சேர்க்காமல் தாளை மட்டும் வைத்து எழுதும் ஊர் வரலாறு பாதிப் பொய்யாகிவிடும்.

பழைய தாளைக் கணினியில் ஏற்றி இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைக்க இப்போது ‘கியூஜிஐஎஸ்’ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நான்கு மூலைகளின் பாகைகள் தாளிலேயே அச்சாகியிருப்பதால் வேலை எளிது. ஆனால் அப்படியே வைத்தால் கோயில் குளத்தின்மேல் விழும், சாலை வயலுக்குள் போகும். காரணம் லாம்டனிடம் இருக்கிறது. அவரும் அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்டும் அளந்த நெடுங்கோட்டிலிருந்து பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டு எவரெஸ்ட் 1830இல் ஓர் அளவு வகுத்தார். பழைய தாள்கள் அந்த எவரெஸ்ட் அளவில் நிற்கின்றன; கைப்பேசியின் ஜிபிஎஸ் வேறோர் உலகப் பொது அளவில் நிற்கிறது. மென்பொருளில் எந்த அளவு என்று தேர்ந்துகொண்டால் குளமும் கோயிலும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை வந்தது. ஓரங்குலம் போய் ஐம்பதாயிரத்தில் ஒன்று என்ற அளவு வந்தது. பாதுகாப்பு என்று சொல்லிக் கடற்கரையோரத் தாள்களைப் பல்லாண்டுகள் பொதுமக்களுக்கு விற்கவில்லை. 1950களில் அமெரிக்க ராணுவம் நம் துறையின் அளவைகளை வைத்து அச்சிட்ட இந்தியப் படங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் யாருக்கும் கிடைத்துக்கொண்டிருக்க, ராமேஸ்வரம் தீவில் பிறந்தவர் தன் தீவின் பெரிய அளவுத் தாளை வாங்க முடியாமல் இருந்தார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு, அந்த ஊரின் தெருவும் ரயில் நிலையமும் இருந்த வரிசையை அறிய அந்த மக்களுக்கு அந்தத் தாள் எவ்வளவு பயன்பட்டிருக்கும்! 2005இல் வரைபடக் கொள்கை தளர்ந்தது. 2017இல் துறை தன் 250ஆம் ஆண்டில் தாள்களை இணையத்தில் இலவசமாகத் தரத் தொடங்கியது. 2021இல் இன்னும் தளர்ந்தது.

இலவசமாகக் கிடைப்பவை புதிய தாள்கள். பழையவை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், கல்லூரிப் புவியியல் துறைகளின் அலமாரிகளிலும், பழைய பொறியாளர்களின் வீட்டுப் பெட்டிகளிலும் மடிந்து கிடக்கின்றன. செய்முறைத் தேர்வுக்குப் புதுத் தாள் வந்துவிட்டது என்று பழையதை எடைக்குப் போடும் துறைகள் அதை நிறுத்த வேண்டும். படி எடுத்து அந்தந்த ஊர்ப் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் ஒன்று கொடுத்தால் போதும், மீதியை ஊரே பார்த்துக்கொள்ளும். நான்கு மடங்கு பெரிதாக்கிய ஒரு தாளைக் கோயில் மண்டபத்தில் விரித்து, “தாத்தா, இந்த ஏரிக்கு மதகு எத்தனை? ஒவ்வொண்ணுக்கும் என்ன பேரு?” என்று கேட்டுப் பாருங்கள். மதகின் பெயரும், அதை அடைத்துத் திறந்த நீர்க்கட்டியின் குடும்பமும், எந்த வெள்ளத்தில் எந்தக் கரை உடைந்தது என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பேசுபவர்களின் பெயரோடும் தேதியோடும் தாளின்மேலேயே குறித்துக்கொள்ள வேண்டும். சேரிப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். தண்ணீர் சுமந்தவர்களுக்குத்தான் எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும் என்று தெரியும்.

செங்கல்பட்டுச் சீமையில் இதைத் தொடங்குவது எளிது. அங்கே திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இடங்களின் 18ஆம் நூற்றாண்டு ஓலைக் கணக்குகள் அச்சிலேயே வந்துவிட்டன. அந்தக் கணக்கின் ஏரிகளை ஓரங்குலத் தாளில் தேடிக் குறித்து, தாளோடு ஊருக்குள் போக ஒரு கல்லூரி வகுப்பு இருந்தால் போதும்.